கையில் ஒட்டாத மண்

மண்ணைப் பார்த்து யோசனை சொல்லிப் பிழைக்கிற உத்தியோகத்தில் ஒரு சௌகரியம், நோயாளி வாயைத் திறப்பதில்லை; ஓர் அசௌகரியம், நோயாளியின் சொந்தக்காரர்கள் வாயை மூடுவதில்லை.

யுத்தத்துக்கு முந்திய சில வருஷங்கள் நான் தென்காசியில் சர்க்கார் விவசாய டிமான்ஸ்ட்ரேட்டராக இருந்தேன். அந்தப் பட்டத்தை முழுதாகச் சொல்ல ஊரில் யாருக்கும் பொறுமை கிடையாது. 'மண்ணாங்கட்டி ஐயா' என்று சுருக்கிவிட்டார்கள். இப்போது அரிசிக்கு வரிசையில் நிற்கிற காலம். ஆளுக்கு ஆள் புழக்கடையைக் கொத்திக் கத்தரி போடுகிறார்கள். போட்டு, வாடவிட்டு, பிடுங்கி எறிந்துவிட்டு, நம் கைராசி அப்படி என்று பெருமூச்சு விடும் அன்பர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் சாகக் கொடுத்தது ஒரு செடி. நான் ஒரு தாலுகாவின் செடிகளுக்கெல்லாம் துக்கம் விசாரித்தவன்.

பூகோளத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மேற்கே குற்றாலத்து மலையடிவாரம் பூராவும் செவல். சரளை கலந்த சிவப்பு மண். அது தருமப்பிரபு. எவ்வளவு மழை கொட்டினாலும் தனக்கென்று வைத்துக்கொள்ளாமல் கீழே விட்டுவிடும். வடகிழக்கே திருவேங்கடம் பக்கம் போனால் கரிசல். அது கஞ்சன். குடித்த தண்ணீரில் ஒரு சொட்டை வெளியே விடாது. கோடையில் கால் நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கும்போதும் அடியில் கொஞ்சம் ஈரத்தை ஒளித்து வைத்திருக்கும். நடுவே சிற்றாற்றுக் கரையில் வண்டல். யாருக்கும் கெடுதல் நினைக்காத குடும்பஸ்தன். தோட்டம் போடுகிறவர் தெரிந்துகொள்ள வேண்டியது, தருமப்பிரபுவுக்கு அடிக்கடி கொடுக்க வேண்டும், கஞ்சனிடம் அதிகம் கொடுக்கக் கூடாது என்பதுதான்.

இலக்கணம் படித்தவர்களுக்கு இன்னொன்றும் சொல்லலாம். 'மன்' என்ற இடைச்சொல்லுக்குக் கழிவு, ஆக்கம், ஒழியிசை என்று பொருள் சொல்வார்கள். அதாவது, போய்விட்டது, ஆகிவந்தது, சொல்லாமல் விட்டது. ஒரு சுழி கூடிய மண்ணுக்கும் இதே மூன்று பொருள்தான் என்பது என் அபிப்பிராயம். என் மேலதிகாரி இதை ஒப்புக்கொள்ளவில்லை.

சிங்காரித்து வந்த மண்

பரிசோதனைக்கு மண் கொண்டுவாருங்கள் என்று சொன்னால் ஜனங்கள் இரண்டு விதமாகப் பொய் சொல்வார்கள். மண் நன்றாக இருக்கிறதென்று தெரிந்தால் சர்க்கார் தீர்வையை உயர்த்திவிடும் என்று பயந்தவர்கள், ஊரிலேயே மட்டமான மண்ணாகத் தேடிச் சுடுகாட்டிலிருந்து அள்ளி வருவார்கள். எலும்புத் துண்டு கிடைத்த பிறகும் "எங்க வயல்தான் ஐயா" என்று சத்தியம் செய்தவர் உண்டு.

இலஞ்சியிலிருந்து வந்தவர் மற்ற ரகம். பித்தளைத் தூக்கில் கொண்டுவந்திருந்தார். மண்ணைச் சலித்து, கல் பொறுக்கி, சாண உரம் கலந்து, மேலே கொஞ்சம் மஞ்சள்பொடிகூடத் தூவியிருந்தார். இதைப் பரிசோதித்தால் தூக்கின் யோக்கியதைதான் தெரியும், உங்கள் தோட்டத்தில் உள்ளபடியே ஒரு பிடி வேண்டும் என்றேன். அவர் நிஜமாகவே மனம் நொந்துபோனார். "பொண்ணு பாக்க வாறவுக முன்னால பிள்ளைய அழுக்குச் சேலையோடயா ஐயா நிறுத்துவோம்?"

மாஜி ஜட்ஜின் ரோஜா

குற்றாலத்தில் சீசனுக்கென்று பங்களா கட்டியிருந்த ஒரு மாஜி செஷன்ஸ் ஜட்ஜ், சீமை ரோஜாக்களை வரவழைத்து வரிசையாக நட்டிருந்தார். ஒவ்வொன்றின் காலடியிலும் அதன் பெயர் எழுதிய சிறு பலகை. நான் போனபோது பலகைகள் நல்ல நிலையில் இருந்தன. அந்த மலையடிவாரத்து மண்ணில் வருஷா வருஷம் மழை இறங்கிச் சுண்ணாம்புச் சத்தை எல்லாம் கழுவிக்கொண்டு போய்விடுகிறது. மிஞ்சுவது புளித்த மண். போதாததற்கு, அவர் சாரல் தொடங்குகிற மாதமாகப் பார்த்து நட்டிருந்தார். நீற்றுச் சுண்ணாம்பும் மக்கிய எருவும் போட்டு, சாரல் ஓய்ந்த பிறகு நட வேண்டும் என்று சொன்னேன்.

ஜட்ஜ் என் வாதத்தை முழுக்கக் கேட்டார். இரண்டொரு குறுக்குக் கேள்வியும் போட்டார். பிறகு கறுத்துப்போன குச்சிகளின் வரிசையைக் கடைசிவரை பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "நான் தூக்குத் தண்டனை விதிச்சவனுக்குக்கூட ஹைகோர்ட்டுக்குப் போக அவகாசம் இருந்தது, மிஸ்டர். இதுகளுக்கு அதுவும் இல்லையே."

ஐந்தருவிக்குக் குடிவந்தவர்

நல்லபெருமாள் திருவேங்கடத்துக்காரர், கரிசல் காட்டில் பருத்தி போட்டவர். மழை தொடர்ந்து பொய்த்து, கிணறு வறண்டு, காளைகளையும் விற்ற பிறகு, மனைவி பேச்சியம்மாளோடு குற்றாலத்துக்கு ஒருநாள் தலைமுழுக வந்திருக்கிறார். ஐந்தருவியில் தண்ணீர் விழுவதைப் பார்த்தார். மற்றவர்கள் அதைப் பார்த்தால் குளிப்பார்கள். இவர் ஊருக்குப் போய் நிலத்தை விற்றுவிட்டு வந்து, அருவிப் பாதைக்குக் கீழே ஒரு சரிவை வாங்கிவிட்டார். எலுமிச்சை வைக்க வேண்டும். பிடித்தால் பிழைப்பு, பிடிக்காவிட்டால் விற்ற நிலத்திலேயே கூலிக்கு நிற்க வேண்டும். இதை அவர் ஒளிக்கவில்லை; என் ஆபீஸ் பெஞ்சில் உட்காருவதற்கு முன்பே சொல்லிவிட்டார்.

நான் போய்ப் பார்த்தேன். இடம் நல்ல இடம். எலுமிச்சைக்குக் காலடியில் தண்ணீர் நிற்கக் கூடாது; அந்தச் சரிவில் நிற்கச் சொன்னாலும் நிற்காது. தழையும் எருவும் நிறையக் கொடுத்து, கோடையில் தவறாமல் தண்ணீர் விட்டால் போதும் என்றேன். அவர் கேட்டுக்கொண்டே குனிந்து ஒரு பிடி செவலை அள்ளி இறுக்கிப் பிடித்தார். கரிசல்காரர்கள் மண்ணை அப்படித்தான் நலம் விசாரிப்பார்கள். கையை விரித்தார். மண் விரலிடுக்கில் பொலபொலவென்று கொட்டிவிட்டது. உள்ளங்கை துடைத்தாற்போல் சுத்தமாக இருந்தது. அவர் அந்தக் கையை என்னிடம் நீட்டினார். "நல்ல மண்ணுன்னு நீங்க சொல்லுதிய, இருக்கட்டும். கையிலயே ஒட்டமாட்டேங்கு, நமக்கு எப்படி ஐயா ஒட்டும்?"

வண்டி வண்டியாய்

எங்கள் ஜில்லாவில் சாமியை இடம் மாற்றுவது சுலபம். குடும்பம் ஊர்விட்டு ஊர் போனால், பழைய கோயிலில் ஒரு பிடி மண்ணெடுத்து மஞ்சள் துணியில் முடிந்து கொண்டுபோய், புது இடத்தில் புதைத்து மேலே பீடம் கட்டுவார்கள். பிடிமண் என்று அதற்குப் பெயர். அந்தப் பிடியோடு சாமியும் வந்துவிடுவார். நல்லபெருமாளும் பேச்சியம்மாளும் தங்கள் குலசாமி மாடனை இப்படித்தான் கறுப்பாக ஒரு பிடி கொண்டுவந்து, சரிவின் மேற்பக்கத்து வேம்படியில் குடிவைத்தார்கள். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. விவசாய சாஸ்திரம் சாமிகளின் விஷயத்தில் தலையிடுவதில்லை.

அடுத்த முறை நானும் எங்கள் மேஸ்திரி இசக்கியும் போனபோது, பாதை ஓரம் முழுக்க மாட்டுவண்டி. செங்கோட்டைக்கு மரம் ஏற்ற வருகிற வண்டிகள், திருவேங்கடத்திலிருந்து வெறுமனே வராமல் கரிசலை ஏற்றிக்கொண்டு வந்திருந்தன. எலுமிச்சைக்குத் தோண்டின குழிகளில் பேச்சியம்மாள் கூடை கூடையாக அதைத் தட்டிக்கொண்டிருந்தாள். சிவந்த சரிவில் வட்ட வட்டமாகக் கறுப்பு. இசக்கி மெதுவாக, "அம்மை போட்ட மூஞ்சி மாதிரில்லா இருக்கு" என்றான்.

நான் அங்கேயே பிரசங்கம் தொடங்கினேன். "செவலில் குழி வெட்டிக் கரிசலை நிரப்பினால் அது குழியில்லை, நல்லபெருமாள், பானை. சாரல் காலத்தில் நாலு பக்கத்துத் தண்ணீரும் இறங்கி வந்து அதில் நிற்கும். வெளியே போக வழி இருக்காது. வேர் அழுகிவிடும்."

"சாரல்னா தூத்தல்தான?"

"மூன்று மாதம் விடாத தூற்றல்."

"ஊர்ல தண்ணி நிக்கலேன்னு செத்தோம். இங்கன தண்ணி நிக்கும்னு பயங்காட்டுதிய." அவர் கோபப்படவில்லை, எனக்காகத்தான் வருத்தப்பட்டார். வேம்படிப் பீடத்தைக் கையால் காட்டினார். "ஒரு பிடி மண்ணுக்கே மாடன் இம்புட்டுத் தூரம் வந்திருக்கான். வண்டி மண்ணுக்கு எலுமிச்சை வராதா ஐயா?"

உவரும் ஒரு விளைச்சல்

தோற்றவனுக்கு அடுத்த இடத்திலாவது ஜெயிக்க வேண்டும் என்று இருக்கும். தென்காசியில் குளத்துக்குக் கீழே ஒரு வாத்தியார் வீட்டுத் தோட்டத்தில் விடியற்காலையில் மண் வெள்ளையாகப் பூத்து நிற்கும். உவர். கத்தரி இலைகள் ஓரம் கருகிச் சுருண்டன. நல்ல தண்ணீரைக் கட்டி வடியவிட்டு, கொழுஞ்சிச் செடியை விதைத்து, வளர்ந்ததும் தழையுரமாக மடக்கி உழுதால் உப்பு இறங்கும் என்று விவரமாக எடுத்துச் சொன்னேன். வாத்தியார் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். என் யோசனையை ஒருவர் ஒப்புக்கொள்கிறார் என்ற சந்தோஷம் எனக்கு.

அப்போது கூடையும் கையுமாக வந்தார் துணி வெளுக்கிற கருப்பையா. அந்த வெள்ளைப் பூப்பை வழித்துக்கொண்டு போய்த்தான் பல வருஷமாகத் துணியை வேகவைத்து வெளுக்கிறார். விஷயத்தைக் கேட்டதும் கூடையைக் கீழே வைத்துவிட்டார். வாத்தியார் தன் வேட்டியை ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டார். கொழுஞ்சி விதைப்பு அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப்போயிற்று. கருப்பையா என்னைப் பார்த்துக் கும்பிட்டார். "ஒரு கத்தரிக்காய்க்காக ஊரு வேட்டியை எல்லாம் அழுக்காக்கிராதிய, ஐயா!"

தலைக்குத் தேய்க்க ஒரு பழம்

நல்லபெருமாள் மரம் வைத்த வருஷம் சாரல் ஏமாற்றிவிட்டது. அடுத்த வருஷமும் அப்படியே. ஐந்தருவி நூலாக ஒழுகியது. அருவிக்கரையில் காப்பிக்கடை போடும் சங்கரலிங்கம், குளிக்க ஆள் வராததால், சாரல் வேண்டிப் பண்பொழி மலைக்கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்துவிட்டு வந்தார். ஆனால் எலுமிச்சைகள் மட்டும் கறுகறுவென்று தழைத்தன. சுற்றிலும் செவல் காய்ந்து கிடக்க, கரிசல் குழிகள் ஊற்றின தண்ணீரைப் பத்திரமாக வைத்திருந்து கொஞ்சம் கொஞ்சமாக மரத்துக்குக் கொடுத்தன. சாரல் வந்தால் பிழைக்கிற ஊரில், சாரல் வராததால் பிழைத்த தோட்டம் அது ஒன்றுதான்.

மழை வருவதற்குள் ஒவ்வொரு குழியிலிருந்தும் சரிவுப் பக்கமாக வாய்க்கால் வெட்டி வைக்கச் சொல்லிக் கெஞ்சினேன். வெட்டினால் வேர் அறுபடும், அது உண்மைதான். "தழைச்சு நிக்க மரத்தைப் போயி வெட்டச் சொல்லுதியளே" என்று பேச்சியம்மாள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். மூன்றாம் வருஷக் கோடையில் காய் பிடித்தது. முதல் பழத்தை மாடனுக்கு வைத்தார்கள். இரண்டாவதை, மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல், பேச்சியம்மாள் எனக்குக் கொண்டுவந்து கொடுத்தாள். நான் வாங்கிய இடம் சங்கரலிங்கத்தின் கடைவாசல். குற்றாலத்தில் எலுமிச்சம்பழத்தை எதற்கு உபயோகிப்பார்கள் என்பது வாசகர்களுக்குத் தெரியாததல்ல; புத்தி பேதலித்தவர்களை அழைத்துவந்து அதைத் தலையில் தேய்த்துத்தான் அருவியில் நிறுத்துவார்கள். கடையில் இருந்த அத்தனை பேரும் கேட்கும்படி சங்கரலிங்கம் சொன்னார்: "நல்லா அழுத்தித் தேச்சுட்டு அருவியில நில்லுங்க ஐயா, மண்ணாங்கட்டி பூராவும் கரைஞ்சிரும்!"

பிரமாதமான சீசன்

அந்த வருஷம் ஆனி பிறந்ததும் சாரல் வந்தது. வந்தது போகவில்லை. மலை கண்ணுக்குத் தெரியவில்லை. அருவியின் சத்தம் தென்காசி ரோடுவரைக்கும் கேட்டது. குடைகள், வண்டிகள், எண்ணெய் வழியும் தலைகள். நான் மட்டும் ஆபீஸ் ஜன்னலில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் சொன்னது பலிக்கப்போகிறது என்று தெரிந்தும் சந்தோஷம் வரவில்லை. தப்பாகப் போகட்டும் என்றுகூட வேண்டிக்கொண்டேன். எனக்குப் பழக்கமில்லாத வேண்டுதல் என்பதால் யாரிடம் வேண்டுவது என்று சரியாகத் தெரியவில்லை.

இலைகள் நரம்பிலிருந்து மஞ்சளித்தன. அடிமரத்தில் பட்டை வெடித்துப் பிசின் வழிந்தது. நல்லபெருமாள் தானே ஆள் விட்டுக் கூப்பிட்டார். இசக்கியும் நானும் அவரும் மழையில் வாய்க்கால் வெட்டினோம். ஒவ்வொரு குழியின் வாயைத் திறந்ததும் கறுப்புத் தண்ணீர் நாற்றத்தோடு இறங்கிச் சிவப்பு மண்ணில் கோடு கோடாக ஓடியது. அவர் மண்வெட்டியைப் போட்டுவிட்டு, மரத்தடியில் முழங்காலிட்டு, கரிசலை இரண்டு கையாலும் வழித்து வழித்து எறிந்தார். அது அவர் கையை விடாமல் பிடித்துக்கொண்டது, உதறினாலும் போகவில்லை. பேச்சியம்மாள் நனைந்துகொண்டே வேம்படியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். இசக்கி ஒரு வேரைப் பிடித்து இழுத்தான். தோல் உறைமாதிரி கழன்று அவன் விரலோடு வந்துவிட்டது. அவன் அதை எங்களுக்குக் காட்டாமல் மண்ணுக்குள் திரும்ப வைத்தான்.

திரும்புகிற வழியில் குளிர் தாங்காமல் காப்பிக்கடையில் ஒதுங்கினேன். நிற்க இடமில்லை. சங்கரலிங்கம் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு இரண்டு அடுப்புக்கும் நடுவே பறந்துகொண்டிருந்தார். கெட்ட மனிதர் இல்லை. நல்லபெருமாள் தோட்டத்தில் நடப்பது அவருக்கு இன்னும் தெரியாது. என் கையில் டம்ளரைத் திணித்துவிட்டு, சந்தோஷம் தாங்காமல் தோளில் தட்டினார். "இப்படி ஒரு சீசன் பாத்து எம்புட்டு வருஷமாச்சு, ஐயா! சாமி கண்ணைத் தொறந்துட்டாருல்லா!"

ஒரு பிடி

ஐப்பசிக்குள் எல்லா மரமும் போய்விட்டது. நல்லபெருமாள் முதலில் பேச்சைக் குறைத்தார்; பிறகு நிறுத்திவிட்டார். ஊருக்குத் திரும்புவதென்று முடிவான அன்று பேச்சியம்மாள் எனக்குச் சொல்லியனுப்பினாள். நானும் இசக்கியும் போனோம். வண்டியில் பாத்திரமெல்லாம் ஏற்றியாகிவிட்டது. நல்லபெருமாள் நுகத்தடிக்குப் பக்கத்தில் மாட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வேம்படியில் பீடத்தை இடித்துத் தோண்டிப் போட்டிருந்தது. மாடனை விட்டுவிட்டுப் போக முடியாதல்லவா? வந்த மாதிரியே பிடிமண்ணாக எடுத்துப் போக வேண்டும்.

"எங்க மண்ணைக் காணும், ஐயா" என்றாள் பேச்சியம்மாள். "கறுப்பா வச்சோம். இப்பத் தோண்டிப் பாத்தா எல்லாம் செவலாக் கெடக்கு. சாமி எதுல இருக்கான்னு தெரியல. நீங்க மண்ணு படிச்சவுகல்லா, பாத்துச் சொல்லுங்க."

இசக்கி வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். நான் குனிந்து உட்கார்ந்தேன். மண்ணைத் தெரிந்துகொள்ள எங்களுக்கு ஒரு முறை உண்டு. கொஞ்சம் ஈரப்படுத்தி விரலால் உருட்ட வேண்டும். கரிசலானால் நூலாக நீளும், செவலானால் உடைந்துவிடும். இங்கே எடுத்து உருட்டினேன், அங்கே எடுத்து உருட்டினேன். எல்லாம் உடைந்தது. மலையிலிருந்து இறங்கின மழை அந்த ஒரு பிடியை எங்கே கொண்டுபோயிருக்கும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். படம் போட்டு விளக்கவும் முடியும். பேச்சியம்மாள் மஞ்சள் துணியை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பீடத்தின் முன்னால் அவள் விளக்கு வைக்கிற இடம் ஒன்று இருந்தது. செவ்வாயும் வெள்ளியும் எண்ணெய் சிந்திச் சிந்தி அங்கே மட்டும் மண் கறுத்துப் பிசுபிசுவென்று இருந்தது. அதில் ஒரு பிடி அள்ளி, "இதுதான்" என்றேன். என் சர்வீஸில் நான் சொன்ன அபிப்பிராயத்தை எதிர்க்கேள்வி இல்லாமல் ஒருவர் ஏற்றுக்கொண்டது அப்போதுதான். அவள் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "இங்கன வாங்க. நீங்களே வாங்கி முடிங்க" என்று புருஷனைக் கூப்பிட்டாள்.

நல்லபெருமாள் எழுந்து வந்தார். மண்ணை வாங்கியவர், பழக்கதோஷத்தால் ஒருமுறை இறுக்கிப் பிடித்துவிட்டுக் கையை விரித்தார். அது உதிரவில்லை. விரல் பதிந்த அடையாளத்தோடு உள்ளங்கையில் கட்டியாக நின்றது. வெகுநாள் கழித்து அவர் வாயைத் திறந்தார்.

"ஒட்டுதே, ஐயா. போகப்போற நேரத்துல ஒட்டுதே."

இத்தனை வருஷம் மண்ணைப் பற்றிப் பேசிச் சம்பளம் வாங்கியதில், நான் உருப்படியாகச் செய்த காரியம் அந்த எண்ணெயைப் பற்றிப் பேசாமல் இருந்ததுதான்.